வித்தின் கவசம்

சோயா அவரையிலுள்ள தீங்கு பயக்கும் புரதங்களை அகற்றும் முயற்சி

மரவள்ளிக்கிழங்கை அவிக்கும்போது பானையை மூடக்கூடாதென்று நம் பாட்டிமார் சொல்லுவர். ஒடியல் மாவை நீரிலே ஊறவைத்து, அந்நீரை வடித்தூற்றிக் கசப்பைப் போக்கிய பின்னரே பிட்டுக்கோ கூழுக்கோ எடுப்பர். ஏனென்று வினவினால், "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். இரசாயனம் கல்லாத அம்மூதாட்டியர் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஒரு தாவரம் தன் கிழங்கிலோ வித்திலோ சேமித்து வைக்கும் உணவு அதன் சந்ததிக்கு உரியது. அதனைப் பூச்சியும் விலங்கும் கொள்ளையிடாவண்ணம் காப்பதற்குத் தாவரம் சில ஆயுதங்களையும் உடன் வைத்திருக்கின்றது. அவ்வாயுதங்களை மழுங்கச் செய்த பின்னரே அவ்வுணவு மனிதனுக்கு உணவாகின்றது.

சோயா அவரையும் அத்தகைய ஆயுதம் தாங்கிய வித்துக்களுள் ஒன்று. சீனத்திலே மிகப் பழங்காலந்தொட்டுப் பயிரிடப்பட்டு, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் அன்றாட உணவாகி, இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பயிராக வளர்ந்தது இது. இதன் வித்தில் எடைக்கு ஏறத்தாழ 40 வீதம் புரதமும் 20 வீதம் எண்ணெயும் உள்ளன. நமக்குப் பழக்கமான உழுந்து, பயறு, கடலை முதலியவற்றின் புரதம் 20 முதல் 25 வீதமளவினதே. நம் நாட்டிலே 1973 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திரிபோஷ என்னும் சத்துமாவில் சோளத்தோடு சேர்க்கப்பட்டது இச்சோயாவே. கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பால், இறைச்சி, மீன் ஆகியவற்றை வேண்டியமட்டும் வாங்க இயலாத குடும்பங்களிலே, மலிவான புரதத்துக்கு இதனைவிடச் சிறந்த வழி அரிது.

இத்துணை வளம் பொருந்திய வித்தைப் பச்சையாக உண்ணும் விலங்கு கொழுக்க வேண்டுமன்றோ? அதுவோ மெலிகின்றது. இப்புதிரை அவிழ்க்க முயன்ற அறிஞர்களின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது.

எலிகள் சொன்ன செய்தி

1917 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தைச் சேர்ந்த தோமஸ் ஒஸ்போண், லஃபாயெற் மெண்டல் என்னும் இரு அறிஞர்கள் எலிகளுக்குச் சோயாவை உணவாகக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். (பட்டாணிச் செடிகளிலே பரம்பரை விதிகளைக் கண்ட கிரகர் மெண்டல் வேறு; இவர் வேறு.) பச்சைச் சோயாவை உண்ட எலிகள் செவ்வையாக வளரவில்லை. அதனையே வேகவைத்துக் கொடுத்தபோது நன்கு வளர்ந்தன. புரதத்தின் அளவு மாறவில்லை; புதிதாகச் சேர்ந்தது வெப்பம் ஒன்றே. ஆகவே, பச்சை வித்திலே வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோவொரு பொருள் உண்டு என்பதும், அது வெப்பத்தால் அழிகின்றது என்பதும் புலனாயின.

அப்பொருள் ஆராய்ச்சியாளரின் கையில் அகப்பட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. பிரின்ஸ்ரன் நகரிலிருந்த றொக்ஃபெல்லர் ஆய்வுகூடத்தில் மொசெஸ் குனிற்ஸ் என்பார் 1945 ஆம் ஆண்டிலே சோயாவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்துப் பளிங்குருவாக்கினார். அஃது இன்றும் 'குனிற்ஸ் தடுப்பி' என அவர் பெயராலேயே வழங்குகின்றது. இதே காலத்தில் டொனால்ட் போமன் என்பவர் மற்றொரு தடுப்பியின் இருப்பைக் கண்டார். 1961 ஆம் ஆண்டிலே இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானியான யெஹுடித் பேர்க் அம்மையார் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அது 'போமன்–பேர்க் தடுப்பி' எனப் பெயர் பெற்றது. முன்னையது 181 அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி. பின்னையது 71 மட்டுமே கொண்ட சிறு சங்கிலி.

கத்தரிக்கோலில் இறுகிய ஆப்பு

இத்தடுப்பிகள் செய்யும் தொழில் யாது? நாம் உண்ணும் புரதம் உள்ளபடியே இரத்தத்தில் கலப்பதில்லை. சதையி என்னும் சுரப்பி சிறுகுடலினுள்ளே திரிப்சின் முதலிய நொதியங்களைச் செலுத்துகின்றது. புரதமாகிய நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கும் கத்தரிக்கோல் என்று திரிப்சினைக் கருதலாம். சோயாவின் தடுப்பிகளோ அக்கத்தரிக்கோலின் வாயிலே ஆப்புப்போல் இறுகிக்கொள்கின்றன. நறுக்கப்படாத புரதம் பயன்படாமலே வெளியேறுகின்றது.

கேடு அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. கத்தரிக்கோல்கள் செயலற்றதை உணர்ந்த உடல், மேலும் நொதியம் சுரக்குமாறு சதையியை ஏவுகின்றது. எலியிலும் கோழிக்குஞ்சிலும் சதையி பருத்தே விடுகின்றது. இங்ஙனம் சுரக்கும் நொதியங்களும் புரதங்களே. கந்தகம் சேர்ந்த அமினோவமிலங்கள் அவற்றில் மிகுதி. சோயாவிலே குறைவாக இருப்பதும் அவ்வமிலங்களே. ஆகவே, கடன்பட்ட வீட்டிலே களவும் போனாற்போல, எது அரிதோ அதுவே வீணாகின்றது.

தடுப்பிகள் இரண்டோடு வேறு இரு புரதங்களையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று லெக்ரின் எனப்படுவது. அது குடலின் உட்சுவரிலுள்ள வெல்லக் கூறுகளைப் பற்றிக்கொண்டு உணவு உறிஞ்சப்படுவதற்கு ஊறு செய்கின்றது. மற்றையது 'பி 34' என்னும் புரதம். இது செரிமானத்தைத் தடுப்பதில்லை, ஒவ்வாமையைத் தூண்டுவது. ஜப்பானிலே சோயா ஒவ்வாத தோல் நோயாளரைக் கொண்டு நிகழ்த்தி 1991 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 65 வீதத்தினரின் இரத்தம் இப்புரதத்தை அடையாளங்கண்டு எதிர்த்தது.

தீயின் தொண்டும் அதன் எல்லையும்

மனிதன் கண்ட முதல் மாற்று மருந்து தீ. குனிற்ஸ் தடுப்பியும் லெக்ரினும் ஈரவெப்பத்திலே உருக்குலைந்து வலியிழக்கின்றன. வித்தை முன்னரே ஊறவைத்தால் வெப்பம் இன்னும் விரைவாக வேலை செய்கின்றது. போமன்–பேர்க் தடுப்பியோ சற்றுப் பிடிவாதமானது. அதன் சிறிய உடலை ஏழு கந்தகப் பிணைப்புக்கள் முடிச்சிட்டு இறுக்கியிருப்பதே அதற்குக் காரணம்.

"வேகவைத்தால் தீரும் குறைக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், தீக்கும் எல்லையுண்டு. சூடு குறைந்தால் தடுப்பி எஞ்சும். சூடு மிஞ்சினால் லைசின் என்னும் இன்றியமையாத அமினோவமிலம் வெல்லத்தோடு கூடிக் கெட்டுப்போகும். உலகில் விளையும் சோயாவின் பெரும்பங்கு, எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்காகிக் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாகச் செல்கின்றது. தீனி ஆலைகளிலே யூரியேசு என்னும் நொதியம் எஞ்சியுள்ளதா எனச் சோதித்தே சூடு போதியதா என அறிகின்றனர். இத்துணைச் சூட்டுக்கும் எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்குப் பணம் வேண்டும். ஆலை வசதியில்லாத சிறு விவசாயியோ, தன் தோட்டத்தில் விளைந்த சோயாவைத் தன் கோழிகளுக்கே அப்படியே போட இயலாதவனாயிருக்கின்றான். ஒவ்வாமையுள்ள குழந்தைக்குச் சமையல் முழுப் பாதுகாப்பும் அன்று. ஆகவேதான், வித்து உருவாகும்போதே அவ்வாயுதங்களை அகற்ற இயலுமா என்ற கேள்வி எழுந்தது.

களஞ்சியத்திலே ஒரு தேடல்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து அர்பானா நகரத்திலே சோயா வித்துக் களஞ்சியம் ஒன்று உண்டு. சீனம், கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளின் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வகைகள் அங்கே பேணப்பட்டு வருகின்றன. இலினோய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் ஹைமோவிற்ஸ், "இத்துணை வகைகளுள்ளே ஆயுதம் இழந்த வித்து ஒன்றேனும் இராதா?" என்று தேடலானார்.

தேட்டம் வீண்போகவில்லை. அவரும் உடனாய்வாளரும் 102 வகைகளைச் சோதித்து, அவற்றுள் 5 வகைகளில் லெக்ரின் இல்லையென்பதை 1978 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். அடுத்த ஆண்டிலே, கொரியாவிலிருந்து வந்த வித்துக்களில் குனிற்ஸ் தடுப்பி இல்லாதவை கண்டறியப்பட்டன. அக்குறையைப் பண்பாகக் கொண்ட வகையொன்று மரபுவழிக் கலப்பினால் வளர்க்கப்பட்டு 1991 ஆம் ஆண்டிலே பதிவு பெற்றது. தடுப்பியைக் கண்டவரின் பெயரையே தடுப்பியில்லாத அவ்வகைக்கும் இட்டு, 'குனிற்ஸ்' என்றே வழங்கினர்.

இவ்வகையைப் பச்சையாகவே கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். சாதாரணப் பச்சைச் சோயாவை உண்டவற்றைவிட அவை நன்கு வளர்ந்தன. ஆயினும், வேகவைத்த சோயாவை உண்டவற்றுக்கு அவை ஈடாகவில்லை. ஒரு வாயிற்காவலனை விலக்கினால் கோட்டை திறந்துவிடும் என்ற எண்ணம் பொய்த்தது. போமன்–பேர்க் தடுப்பியும் லெக்ரினும் இன்னும் காவலிருந்தன. இவ்வரலாற்றின் தலையாய பாடம் இதுவே: வித்தின் கவசம் ஒற்றைத் தகட்டாலானதன்று.

பரம்பரையலகை அடக்கியபோது

பி 34 புரதத்தின் கதை வேறு வழியிற் சென்றது. எலியட் ஹேர்மன் என்னும் தாவர விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பிறப்புரிமைப் பொறியியலைக் கையாண்டனர். ஒவ்வொரு புரதத்துக்கும் வித்தின் கலத்திலே ஒரு பரம்பரையலகு உண்டு. அதிலிருந்து ஒரு தூதுப் படி எழுதப்பட, அப்படியைப் பார்த்தே புரதம் கோக்கப்படுகின்றது. பி 34 பரம்பரையலகின் ஒரு பகுதியையே மீண்டும் சோயாவினுள் புகுத்தியபோது, கலம் தன் இயல்பான காவல் முறையினால் அத்தூதுப் படிகளைத் தானே அழித்துவிட்டது. 2003 ஆம் ஆண்டிலே வெளியான இவ்வாய்வில், பி 34 இல்லாத வித்துக்கள் மற்றெல்லாவற்றிலும் சாதாரண வித்துக்களைப் போன்றே தோன்றி வளர்ந்தன.

இங்கே நாம் ஓர் எதிர்மாறான சம்பவத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். சோயாவின் கந்தகக் குறையைத் தீர்க்க எண்ணி, பிரேசில் கொட்டையின் பரம்பரையலகு ஒன்றை அதனுள் முன்னர் ஒரு நிறுவனம் புகுத்தியிருந்தது. அக்கொட்டை ஒவ்வாதவர்களின் இரத்தம் புதிய சோயாவையும் எதிர்த்தது என்பதை 1996 ஆம் ஆண்டிலே ஆய்வாளர் வெளியிட்டனர். சந்தைக்கு வருமுன்னரே அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரே கலை ஒவ்வாமையை அகற்றவும் வல்லது, கொண்டுவந்து சேர்க்கவும் வல்லது. சோதனை முந்தினமையால் மக்கள் தப்பினர். பரம்பரையலகு மாற்றிய உணவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவரும், கண்ணை மூடிக்கொண்டு வெறுப்பவரும் இவ்விரு சம்பவங்களையும் ஒருங்கே சிந்தித்தல் நன்று.

மூன்று விபத்துக்கள்

பின்னர் நிகழ்ந்ததோ வியப்புக்குரியது. பொறியியலால் செய்ததை இயற்கை முன்னரே செய்திருக்குமோ என ஐயுற்ற அதே ஆய்வாளர்கள் ஹைமோவிற்ஸுடன் கூடிக் களஞ்சியத்துக்குத் திரும்பினர். 16,000-க்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்ததில், பி 34 அருகிய வித்துக்கள் ஒரு டசினளவு அகப்பட்டன. 2006 ஆம் ஆண்டிலே அம்முடிவு வெளியாயிற்று.

இயற்கை இவ்வாயுதங்களை எவ்வாறு களைந்தது? மூன்றும் மூன்று விபத்துக்கள். குனிற்ஸ் தடுப்பியின் பரம்பரையலகிலே சில எழுத்துக்கள் பிழைத்துப்போனமையால் வாசகம் முழுவதும் தடம்புரண்டது. லெக்ரினின் பரம்பரையலகினுள்ளே இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டொன்று வந்து புகுந்து அதனைக் குலைத்தது. பி 34-இன் பரம்பரையலகிலோ, தொடக்கவிடத்திலே நான்கு எழுத்துக்கள் மிகையாக நுழைந்துகொண்டன. வெவ்வேறு வயல்களிலே ஒன்றையொன்று அறியாது நேர்ந்த பிழைகள் இவை.

இம்மூன்றையும் ஒரே செடியிற் சேர்ப்பது எங்ஙனம்? இங்கேதான் மாணவர் கற்கும் மெண்டலின் விதி உதவுகின்றது. இப்பண்புகள் மூன்றும் பின்னிடைவானவை. தாய் தந்தை இருபுறத்திலுமிருந்து வந்தாலன்றி வெளிப்படா. கலப்புச் செடி தன்மகரந்தச் சேர்க்கையால் ஈனும் வித்துக்களில் ஒரு பண்பு வெளிப்படும் நிகழ்தகவு நாலில் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று சாராமல் கடத்தப்படுகின்றன எனக் கொண்டால், மூன்றும் ஒருங்கே அமையும் நிகழ்தகவு 4 × 4 × 4, அதாவது 64 வித்துக்களில் ஒன்று. அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, நல்ல விளைச்சல் தரும் வகையோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்தல் வேண்டும். ஹைமோவிற்ஸ், ஹேர்மன், மொனிக்கா ஷ்மிட் ஆகியோர் அவ்வாறு உருவாக்கிய 'மும்மை இன்மை' வகையைப் பற்றி 2015 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். வேற்றுப் பரம்பரையலகு எதுவும் புகுத்தப்படாமல் வெறும் கலப்பினாலேயே பிறந்த வகை அது.

எழுத்தைத் திருத்தும் கருவி

எனினும், களஞ்சியத்திலே எல்லாப் பிழையும் கிடைப்பதில்லை. போமன்–பேர்க் தடுப்பியைச் செய்யும் பரம்பரையலகுகள் பல. அவையனைத்தும் ஒருசேரப் பழுதான வித்தை இயற்கையில் எதிர்பார்ப்பது கடினம். இங்கே கிரிஸ்பர் என்னும் புதிய கருவி துணைக்கு வருகின்றது. பரம்பரையலகிலே குறித்த இடத்தை மட்டும் வெட்டுமாறு வழிகாட்டப்பட்ட நொதியம் அது. கலம் அவ்வெட்டைச் சரிசெய்யும்போது ஓரிரு எழுத்துக்கள் பிழைத்துப்போகின்றன. இயற்கை விபத்தாகச் செய்ததை மனிதன் இடமறிந்து செய்கின்றான் எனலாம். வெட்டும் கருவியின் பரம்பரையலகை அடுத்த தலைமுறைகளிலே கலப்பினால் நீக்கிவிடவும் இயலும்.

வேர்ஜீனியா மாநில ஆய்வாளர்கள் இம்முறையால் குனிற்ஸ் தடுப்பிக்குரிய இரு பரம்பரையலகுகளை ஒருங்கே முடக்கி, வித்தின் தடுப்பாற்றல் வெகுவாகக் குறைந்ததை 2023 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே, போமன்–பேர்க் தடுப்பியின் பரம்பரையலகுகளும் இக்கருவியால் முடக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்தனியே அறியப்பட்டிருந்த இரு காவலரையும் விலக்கும் வழி இவ்வாறு திறந்தது.

கவசம் இழந்த வித்து வயலிலே நிலைக்குமா என்ற வினா எஞ்சுகின்றது. குனிற்ஸ் தடுப்பி இல்லாத வகை அமெரிக்க வயலிலே முளைத்து, வளர்ந்து, விளைந்தது என்பது நம்பிக்கை தருவதே. ஆயினும், வெப்ப நாடுகளின் பூச்சிகளும் களஞ்சிய வண்டுகளும் வேறு. அந்தந்த நாட்டு மண்ணில் வைத்துச் சோதித்தே அதற்கு விடை காணல் வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பி 34 மட்டுமன்று என்பதையும் மறத்தலாகாது. வித்தின் பிரதான சேமிப்புப் புரதங்களும் சிலருக்கு ஒவ்வாதவை. அவற்றையெல்லாம் களைந்தால் சோயாவில் உணவென்று எஞ்சுவது சொற்பம்.

நாம் செய்யத்தக்கது

ஆய்வுகூடத்து வித்து நம் அடுக்களையை அடையும்வரை, பாட்டிமார் வழியே நமக்கும் வழி. சோயா வித்தை நன்கு ஊறவைத்து, ஊறிய நீரை ஊற்றிவிட்டு, மெதுவாகும்வரை அவித்தே உண்ணல் வேண்டும். வறுக்காத, அவிக்காத பச்சை மாவைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தலாகாது. சோயா ஒவ்வாத பிள்ளைக்கு, வேகவைத்தால் கேடில்லை என்றெண்ணிக் கொடுத்தலும் ஆகாது. வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல். கொரியக் கிராமமொன்றின் விவசாயி எவரோ விதைத்துவந்த வித்திலே, எவருக்கும் தெரியாமல் ஒரு பிழை நேர்ந்திருந்தது. அவ்வித்தைத் திரட்டி அனுப்பியவரும் அதனை அறியார். பெயரும் எண்ணும் இட்டுக் களஞ்சியத்திலே வைத்தவரும் அறியார். பயன் இன்னதென்று தெரியாமலே ஒரு பிடி வித்தைச் சிலர் காத்துவைத்தமையால், பின்வந்தோர் தேடியபோது அது கிடைத்தது. நம் ஊர்த் தோட்டங்களிலும் பாட்டிமார் சாம்பல் பூசி, சுரைக்குடுவையிலே காத்துவைத்த அவரை வித்துக்கள் இருந்தன. அவற்றுள் எஞ்சியவற்றையேனும் தேடி எடுத்து விதைத்துவைப்போமாக.